தினமும் நிறுத்திய செல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எரிபொருள் செல்களை ஓடவிட்டுக் கெடுப்பதுதான் வேலை. ஹைட்ரஜனும் காற்றும் செலுத்தினால் செல் மின்சாரம் தரும். நாளாக நாளாக அதன் வோல்டேஜ் குறையும். பேருந்தில் பொருத்தினால் எத்தனை காலம் தாங்கும், எதனால் கெடும் என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

பக்கத்து மேசை ஸ்பேனர் அண்ணன் மாட்டிய செல்லின் வோல்டேஜ் மெதுவாக இறங்கியது. நான் மாட்டியது சறுக்குமரத்தில் போவதுபோல் இறங்கியது.

"தங்கச்சி கைராசியே கைராசி! உன் முகத்தைப் பார்த்தாலே செல்லுக்கு மயக்கம் வருது" என்றார் அண்ணன்.

எனக்கும் என் கைமேல்தான் சந்தேகம். போல்ட்டைச் சமமாக முறுக்கவில்லையோ? செல்லுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வில் விரல் பட்டுவிட்டதோ?

ஆய்வுக்கூடத் தலைவரான சார் கூப்பிட்டார். "சாயங்காலமானா கிளாஸ் கிளாஸ்னு பறக்குற. அவசரத்துல மாட்டுறியா? ஒண்ணு கிளாஸை விடு, இல்ல செல் மாட்டுறதை விடு."

"ஒரே ஒரு தடவை சரிபார்த்துட்டுச் சொல்றேன், சார்."

அண்ணனைக் கெஞ்சி, அவர் மாட்டிய புதுச் செல்லை என் மேசையிலும், என்னுடையதை அவர் மேசையிலும் வைத்தேன். சில வாரங்களில் அவருடையது சறுக்கியது. என்னுடையது மெதுவாகத்தான் இறங்கியது.

"அடிப்பாவி, என் மானத்தையும் வாங்கிட்டியே!" என்றார்.

கை காரணமல்ல. அப்படியானால் மேசையா? அவர் மேசையில் வாயுக்கசிவைக் கண்டால் தானே அணைக்கும் கருவி உண்டு. அதனால் ஆளில்லாமலே செல் இரவெல்லாம் ஓடும். என் மேசை பழையது, அதில் அந்தக் கருவி இல்லை. வகுப்புக்குக் கிளம்பும்போது நிறுத்திவிடுவேன். அவர் மேசையிலும் ஒரு செல்லை மாலைதோறும் நிறுத்திப் பார்த்தோம். அதுவும் சறுக்கியது.

சறுக்கிய செல்லை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தோம். நிறுத்தியபின் ஹைட்ரஜன் பக்கம் காற்று புகுந்திருக்கிறது. காலையில் ஹைட்ரஜன் வந்து அதைத் தள்ளும்போதெல்லாம், எதிர்ப்பக்கத்தில் வினையூக்கியான பிளாட்டினத்தைத் தாங்கும் கரி அரிக்கப்பட்டு மெலிந்திருக்கிறது.

சார் திரையிலிருந்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"பஸ்ஸும் ராத்திரியானா டிப்போவுல நிக்கத்தானே செய்யும்? நாம இத்தனை நாளா நிக்காத பஸ்ஸுக்கு ஆயுசு கணிச்சிட்டிருந்திருக்கோம்."

"அப்போ கிளாஸ், சார்..."

"ஒழுங்கா போ. தினமும் நிறுத்திட்டுப் போ. இனி எல்லா மேசையிலயும் இதுதான் முறை."

புதிய சோதனை முறையைச் சுவரில் ஒட்டினார்கள். வகுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். தவறாக அச்சாகிவிட்டதோ என்று கிட்டப்போய்ப் படித்தேன். என் பெயர்தான்.