தொழுவத்துக்குள் ஓடிய மைல்கள்

1

இந்தக் கதை எனக்கு முடிவெட்டுக் கடையில் கிடைத்தது. பெருமையாகச் சொல்ல வேறு இடம் இருந்தால் சொல்லியிருப்பேன். மார்த்தாண்டத்தில், எனக்கு முன்னால் மூன்று தலைகள் காத்திருந்தன. கையில் அட்டை கிழிந்த ஒரு மோட்டார் பத்திரிகை. அதில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய பந்தயக் கார் ஒன்று ஏலம் போயிருந்தது. அந்த விலைக்கு ஒரு தென்னந்தோப்பும் தோப்புக்குள் ஒரு மாடி வீடும் வாங்கலாம். ஏன் அவ்வளவு விலை? அது ஓடவே இல்லையாம்!

அடப் பாவிகளா, ஓடுவதற்கென்று செய்த வண்டிக்கு ஓடாததற்காகவா விலை? என் முறை வருவதற்குள் இஸ்ரவேல் என்றொரு மாட்டுத் தரகர் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

1947ஆம் ஆண்டு, மழை விட்ட ஒரு மாலையில், ரப்பர் எஸ்டேட் துரை தன் சிவப்புக் காரின் கதவைத் திறந்து, கடைசி முறையாக—

(வேண்டாம். துரையை உள்ளே விட்டால் எழுந்து போகமாட்டார். அவர் கப்பல் ஏறட்டும்.)

துரையின் கறவை மாடுகளையெல்லாம் நல்ல விலைக்கு விற்றுக் கொடுத்தவர் தரகர் இஸ்ரவேல். கூலிக்குப் பதிலாகக் காரை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் துரை ஊருக்குப் போனார். துரை அதிகம் ஓட்டாத, காளைகள் பூட்டி இழுத்து வந்த அந்த இரண்டு சீட்டுக் கார், இஸ்ரவேல் வீட்டுத் தொழுவத்தில் மாடுகளுக்குப் பக்கத்தில் நின்றது. இஸ்ரவேலுக்கு ஓட்டத் தெரியாது. அவர் மனைவி ஜெயபாய்க்கோ அது தொழுவத்தில் இடத்தை அடைத்த ஒரு சாமான்.

ஜெயபாய்க்கு வேண்டியது ஒரு கிணறு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் வேறு பேச்சில் போய்விட்டாலும் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் கிணற்றில்தான் தண்ணீர். ஜெயபாய் குடத்தோடு வருவதைக் கண்டால் வியாகுலம்மாள் கயிற்றைச் சுருட்டி உள்ளே கொண்டு போய்விடுவாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு நிற்க வேண்டும். காரை விற்றால் பத்து சென்ட் நிலம், அதில் சொந்தக் கிணறு. அவ்வளவுதான் அவள் கேட்டது.

3

இங்கே ஒரு மாட்டுத் தரகரின் மூளை வேலை செய்கிறது.

"ஏட்டி, நுகம் காணாத காளைய எவன் வாங்குவான்? எங்கின போயிருக்கு, என்ன பாரம் இழுத்திருக்குன்னு கேப்பான். இந்த வண்டி ஒரு எடத்துக்கும் போகல்லன்னு நான் பறைய முடியுமா?" என்றார் இஸ்ரவேல்.

"அப்போ ஓட்டிக்கிட்டுப் போங்க."

"ஓட்டத் தெரிஞ்சாலுல்லா!"

வழி சொன்னவன் எஸ்டேட் லாரி டிரைவர் செல்வதாஸ். பின்சக்கரங்களைக் கல் வைத்துத் தூக்கிவிட்டு கியரில் போட்டால், வண்டி நின்ற இடத்திலேயே மீட்டர் ஏறும். இஸ்ரவேலுக்கு அந்த யோசனை தேனாக இருந்தது. பெட்ரோலும் செல்வதாஸ் கொண்டு வந்தான்.

(எப்படிக் கொண்டு வந்தான் என்று கேட்காதீர்கள். எஸ்டேட்காரர்கள் யாராவது வாசித்துக்கொண்டிருக்கலாம்.)

4

ஜெயபாயை நான் முதல் வரைவில் வெறுமனே கட்டன்சாயா கொண்டு வர வைத்திருந்தேன். என் புத்தி அவ்வளவுதான். ஆனால் யாராவது பெடலை மிதிக்க வேண்டுமே? இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற இஸ்ரவேல் முன்னால் நிற்கிறார். ஆக, ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள் உட்கார்ந்தாள். அப்புறம் அவளை இறக்க என்னாலும் முடியவில்லை.

சாயங்காலம் மாடுகளைக் கட்டி முடித்ததும் தொழுவத்தில் வண்டி உறுமும். மேற்கே ஓலைக்கூரையின் சந்துகளில் வெயில் மஞ்சளாக உள்ளே விழும். வைக்கோல் தூசி பறக்கும். தண்ணீர் ஊற்றிவிட்டு இஸ்ரவேல் வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வார்.

"எங்கட்டி போறோம்?"

"கன்னியாரிக்கு."

"சாயா குடிச்சிட்டுப் போலாமே."

"தக்கலையில குடிக்கலாம். பேசாம இரியுங்க, எதுக்க பஸ் வருது."

அவள் தேங்காய்ப்பட்டணத்துக் கடலைப் பார்த்தவள். அங்கே சூரியன் கடலில் இறங்கும், அவ்வளவுதான். கன்னியாகுமரியில் அது கடலிலிருந்து ஏறியும் வருமாம். அதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வில்லுக்குறி போனது, நாகர்கோவில் மணிமேடை போனது, சுசீந்திரம் குளத்தின் மேல் காற்று வந்தது. மாடுகள் அசைபோட்டபடி பின்னாலேயே வந்துகொண்டிருந்தன. ஒருநாள் அவள் சட்டென்று பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

"என்னட்டி?"

"ஆடு குறுக்க வந்துட்டு."

இஸ்ரவேல் சிரிக்கவில்லை. எட்டிப் பார்த்து, "போயிட்டு, நீ விடு," என்றார். அந்த ஆளை எனக்கு அப்போதுதான் ரொம்பப் பிடித்துப்போனது.

வருஷங்கள் போயின. மீட்டர் இருநூற்றுச் சொச்சத்திலிருந்து ஆயிரங்களுக்கு ஏறியது. கார் ஒரு அடி நகரவில்லை.

5

1956. குமரிப் பக்கம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து எல்லை மாறப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்கு முன் காரைப் பார்த்துவிட வேண்டுமென்று திருவனந்தபுரத்திலிருந்து கிளீட்டஸ் என்பவர் டாக்ஸியில் வந்து இறங்கினார். ஓடாத கார்களைச் சேர்த்து, துணி போர்த்தி வைத்துக்கொள்கிற மனிதர்.

(அந்தக் காலத்தில் அப்படி ஒருவர் இருந்திருப்பாரா? எனக்கும் சந்தேகம்தான். இருந்தார் என்று வைத்துக்கொண்டு வாருங்கள்.)

இஸ்ரவேல் காத்திருந்த நேரம். தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

"சாரே, நின்ன வண்டின்னு நெனச்சிராதேயும். கன்னியாரி, குத்தாலம், மதுரை எல்லாம் கண்ட வண்டியாக்கும்! எத்தன ஓட்டம் ஓடியிருக்குன்னு மீட்டரப் பாரும்."

கிளீட்டஸ் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"ஓடாத வண்டின்னு கேட்டுல்லா நான் வந்தேன். ஓடலேன்னா நீங்க கேக்குறதுக்கு மேலயே தந்திருப்பேன். ஓடின வண்டி எனக்கு வேண்டாம்."

புகழ்ந்த மாட்டை இஸ்ரவேல் ஒருநாளும் திரும்ப இகழ்ந்தவரில்லை. கிளீட்டஸ் திரும்பியவர் நின்றார். டயரில் மண் படவில்லை, அச்சுக்குக் கீழே கல். ஆனால் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. அவர் ஜெயபாயைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. இது ஓடிச்சா, இல்லியா?"

6

ஓடவில்லை என்று சொன்னால் கிணறு. ஒரே ஒரு சொல். உண்மையும் அதுதானே, இதில் என்ன யோசனை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எழுதினேன்.

"ஓடல்ல சாரே," என்றாள் ஜெயபாய். கிணறு வெட்டினார்கள். முதல் குடம் தண்ணீர் இறைத்த அன்று சாயங்காலம் இஸ்ரவேல் காலித் தொழுவத்தில் போய் உட்கார்ந்து, "எங்கட்டி போறோம்?" என்று—

(இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.)

மாற்றினேன். "ஓடிச்சு சாரே," என்றாள். டாக்ஸி போய்விட்டது. மறுநாள் காலை குடத்தோடு போய் நின்றாள். வியாகுலம்மாள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே—

(இதை எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாடகமாடுகிறான் என்பீர்கள். இறங்கவில்லை.)

7

மூன்றாவது முறை நான் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையைச் சேலையில் துடைத்தாள். போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"ஏறுங்க சாரே. ஓடிச்சா ஓடலியான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கிளீட்டஸ் தயங்கினார். ஒவ்வொரு மைலுக்கும் விலை குறையும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஏறினார். இஸ்ரவேல் தண்ணீர் ஊற்றிவிட்டு, உட்கார இடமில்லாமல் ஒதுங்கி நின்றார். வண்டி உறுமியது. கூரைச் சந்தில் அந்தி வெயில்.

"தக்கலை," என்றாள்.

கிளீட்டஸ் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வில்லுக்குறி. காத்து அடிக்கும், கண்ண மூடிக்கிடுங்க."

மூடிக்கொண்டார். நாகர்கோவில் வந்தது, சுசீந்திரம் வந்தது. "கன்னியாரியில சூரியன் ஏறுறதப் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவள் ரொம்ப நேரம் ஓட்டினாள். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. பிறகு கிளீட்டஸ், கண்ணைத் திறக்காமலே, குழந்தை கேட்பதுபோல் கேட்டார்:

"விடிஞ்சாச்சா அம்மா?"

இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியாது. அவர் கண்ணைத் திறந்ததும், வண்டி ஓடியதா இல்லையா என்று ஒரு பதில் சொல்லியாக வேண்டும்; அதைச் சொல்லப்போவது நீங்கள்தான். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். அவளுக்குக் கிணறு வேண்டும்.