ஏழாம் பிரிவின் மரங்கள்

ஏழாம் பிரிவின் மரங்கள் வனத்திட்ட அலுவலகத்தில் எழுபத்தொரு மணி நேரம் நின்றன. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் காவலாளி கதவைத் திறந்ததும் மாடி ஏறின. இடம் கிடைக்காதவை தெருவில் வரிசையில் நின்றன. வேர்மண்ணை மிதியடியில் தட்டிவிட்டே வந்ததால் காவலாளிக்குப் பெரிய வருத்தமில்லை. கூட்டுகிற வேலை மிச்சம் என்றார்.

அவை தேடி வந்தது திட்ட அதிகாரியை. ஊரில் அவளுக்கு அளவுநாடா அக்கா என்று பெயர். காட்டை அறுபது பிரிவாக்கி, எதில் எந்த ஆண்டு கை வைக்கலாம், எந்த மரத்தை விதைக்கு விடவேண்டும், ஓடைக்கு எவ்வளவு தள்ளி ரம்பம் நிற்கவேண்டும் என்றெல்லாம் எழுதியவள் அவள்தான். ஓராண்டில் காடு எவ்வளவு வளர்கிறதோ அதற்கு மேல் ஒரு குச்சிகூட வெளியே போகாது. மொட்டையாக அவள் கைக்கு வந்த மலை, இருபத்தைந்து ஆண்டில் கோடையிலும் ஓடைக்குத் தண்ணீர் விட்டது. மந்திரம் என்றார்கள். கூட்டல் கழித்தல் என்றாள் அவள்.

ஏழாம் பிரிவை மட்டும் அவள் அளப்பதில்லை. கைக்குழந்தையாக இருந்த மகளை முதுகில் கட்டிக்கொண்டு தானே நட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை திட்டம் புதுப்பிக்கும்போது, அதற்கு நேரே ‘அப்படியே விடவும்’ என்று எழுதிவிடுவாள்.

இப்போது அவை தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கூரைக்குக் குனிந்து, டியூப் லைட்டை நோக்கிக் கழுத்தை நீட்டின. ஊழியர்கள் கிளையில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டு வேலை பார்த்தார்கள். ஜன்னலோரத்தவை தழைத்தன, நடுவில் நின்றவை இலை உதிர்த்தன. மூன்றாம் நாள் யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். பதினொரு மரங்கள் சாய்ந்தன.

மரம் அறுக்கும் மில் வைத்திருந்த அவள் தம்பி விஷயம் கேட்டு ஓடி வந்தான்.

“ஃபேன் காத்துக்கே இப்படின்னா, புயல் வந்தா மொத்தமும் போயிடும்க்கா.”

“உன் மில்லுக்குத் தீனி வேணும், அதானே?”

“வேணும்தான். நான் என்ன சாமியாரா? ஆனா இதுங்களை நான் கூட்டிட்டு வரல. அதுங்களாத்தான் படியேறி வந்திருக்கு.”

அவள் நாடாவை எடுத்தாள். பக்கத்து மரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தொடைப் பருமன் இருக்கவேண்டியது மணிக்கட்டுப் பருமன் இருந்தது. இன்னொன்றை அளந்தாள். அதுவும் அப்படித்தான். பிறகு மேஜையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கோணலானதையும் நோஞ்சானையும் பார்த்துக் கோடு போட ஆரம்பித்தாள். கோடு விழுந்த மரம் ஒவ்வொன்றும் பக்கத்து மரத்துக்கு வழிவிட்டு ஒதுங்கியது. வியாழன் விடிந்தபோது தரை வரை வெளிச்சம் விழுந்தது.

ஏழு மணிக்கு எல்லாம் இறங்கின. கோடு இல்லாதவை மலைப்பக்கம் திரும்பின. கோடு விழுந்தவை மில்லுக்கு நடந்தன. லாரி வாடகை மிச்சம் என்றார் காவலாளி.

“இத்தனை வருஷமா ஏன்க்கா விட்டுவச்சே?” என்றான் தம்பி.

அவள் விரலில் இருந்த சாக்பீஸ் தூளைப் புடவையில் துடைத்தாள்.

“வளர்ந்ததும் மூணுல ஒண்ணை எடுத்து மத்ததுக்கு இடம் விடணும்னுதான்டா அவ்வளவு நெருக்கமா நட்டேன். எடுக்கத்தான் கை வரல.”