முதுகில் ஓர் இடம்

இன்ஷாபின் முதுகில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே அரிப்பெடுத்தால் அவனுக்குச் சோறு இறங்காது, கையும் எட்டாது. அந்த இடம் தன் விரலுக்கு மட்டுந்தான் தெரியும் என்பது அவன் பெண்சாதி ஸுஹைனாவின் பெருமை. ஏறாவூரில் நகைநட்டுக்காகப் பெருமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புருஷனின் முதுகுக்காகப் பெருமைப்பட்டவள் இவள் ஒருத்திதான்.

அவன் கத்தாருக்குப் போனான், முதுகும் கூடவே போய்விட்டது. ஒருநாள் வீடியோ கோலில் அவன் நெளிவதைப் பார்த்து இவளுக்கு மனசு கேட்கவில்லை. அவனோடு ஒரே அறையில் இருக்கும் சாலிஹைக் கூப்பிட்டு, சொறியச் சொல்லி, இங்கிருந்தே வழிகாட்டத் தொடங்கினாள்.

"கீழ தம்பி... இன்னும் கீழ... இடப்பக்கம்... ஆ, அதுதான்! விட்டுராதீங்க!"

நான் பக்கத்து வீட்டுக்காரி. மதிலுக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்டு முதலில் காதைப் பொத்தினேன். விஷயம் விளங்கியபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

போகப் போக, இவள் வாயெடுக்கும் முன்பே சாலிஹின் விரல் இடத்துக்குப் போய்விடும். இன்ஷாப் கண்ணை மூடிவிடுவான். ஸுஹைனாவுக்கு வயிறு எரிந்தது. புருஷனுக்கு வேறொருத்தி பழக்கம் என்றால் ஊரைக் கூட்டி அழலாம். ஓர் ஆம்பிளையின் நகத்தைப் பற்றி யாரிடம் முறையிடுவது? என்னிடம் முறையிட்டாள். நான் சிரித்துத் தொலைத்தேன். சில நாள் என்னோடு பேசவில்லை.

லீவில் அவன் வந்தபோது நகம் வளர்த்து வைத்திருந்தாள். பின்னேரம் வாவிக் காற்றுக்கு இருவரும் முற்றத்தில் இருந்தார்கள். நான் மதிலோரம் துணி காயப்போட்டேன். ஏற்கெனவே காய்ந்த துணிதான்.

"அங்க இல்ல புள்ள. மேல... இல்ல, இல்ல. உனக்கு மறந்துபோச்சு போல," என்ற இன்ஷாப் போனை எடுத்தான். "பொறு, சாலிஹுக்கிட்டக் கேப்பம்."

பாவி மனுசன்! சாலிஹும் உற்சாகமாகத் தொடங்கினான். "ராத்தா, முதுகுப் பக்கம் போனப் புடிங்க. ஆ, இப்ப கொஞ்சம் கீழ..."

ஸுஹைனா போனை வாங்கி மடியில் கவிழ்த்தாள். பத்து விரலையும் அவன் முதுகில் பதித்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

"இடம் இதுவா மச்சான்?"

"அல்லாஹ்வே! ஓம் புள்ள, அதுதான்!"

"இல்லாட்டி இதுவா?"

"அதுவுந்தான்!"

"ராத்தா, ஒண்டும் தெரியல்லையே," என்றான் சாலிஹ் மடிக்குள்ளிருந்து. "இடம் சரியா?"

இன்ஷாப்தான் கத்தினான். "எல்லா இடமும் சரிதான்டா, நீ போன வை!"