மாமனார் கை காட்டிய மலை

எங்கள் மலைகளைத் தேசியப் பூங்காவாக்கி எங்களைக் கீழே விரட்டிய அரசாங்கம், வருஷத்தில் ஒருநாள் மட்டும் வண்டி வைத்து மேலே கூட்டிப்போகும். கல்லறைகளைச் சுத்தம் செய்து, காகிதப்பூ வைத்துவிட்டு வரலாம். ஆனால் வரைபடத்தில் உள்ள கல்லறைக்குத்தான் வண்டி போகும்.

மாமனார் வர்ஜில் செத்த மறுவருஷம், நானும் வருவேன் என்று என் மாமியார் ஆர்டீலியா ஒற்றைக்காலில் நின்றார். தலைப்பிள்ளையை அங்கேதான் புதைத்திருந்தார்கள். மாமனார் இருந்தவரை அந்தப் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவார்.

கரடி ஓடைக்கு மேலே வண்டி நின்றது. வெறும் புல்மேடு. ஒரு கல்கூட இல்லை.

"இங்க யாரும் இல்ல," என்றார் மாமியார். பூவைக் கீழே வைக்கவில்லை.

இளம் வனக்காவலர் பழைய வரைபடத்தைப் பிரித்தார். "சிலுவைக் குறி இங்கதாம்மா இருக்கு. அந்தக் காலத்துல ஊர்க்காரங்களைக் கேட்டுத்தான் போட்டிருக்காங்க."

"கேட்டது என் புருஷனைத்தான்."

என் கணவர் ஹார்லி பதறினார். "அம்மா, சும்மா இரு. அப்பா சர்ச்சுல மூப்பரா இருந்தவரு."

"ஆயுசு பூரா சும்மாத்தான்டா இருந்தேன்! தம்பி, புள்ளையைப் புதைச்சது பாசி ஓடையில. அதுக்குப் பக்கத்துலதான் இவங்கப்பன் சாராயம் காய்ச்சினாரு. வரைபடம் போட மலையை அளக்க வந்தவன் அங்க வந்துடக் கூடாதுன்னு இந்த மலையைக் கை காட்டி விட்டாரு. செப்புப் பானை இன்னும் அங்கதான் கிடக்கும், போய்ப் பாரு."

எனக்கு மாமனார்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அரசாங்கத்தை ஏமாற்றப்போய்ப் பெற்றவளை ஏமாற்றியிருக்கிறார்.

பூவோடு திரும்பி வந்தோம். பாசி ஓடைக்குப் பாதையே கிடையாது. மாமியாரால் அந்தப் புதர்க்காட்டில் நடக்கவும் முடியாது. மறுவாரம் காவலரே போய்விட்டு, கையெல்லாம் கீறலோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பானை கிடக்குதும்மா. பக்கத்துல சின்னதா ஒரு கல்லு."

"நிக்குதா, சாஞ்சிடுச்சா?"

"நிக்குது."

மாமியார் வாய்விட்டு அழுதார். பிறகு உள்ளே போய் அந்தக் காகிதப்பூக்களை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"அடுத்த தடவை போறப்ப வச்சிடு தம்பி."

"வச்சிடறேன். புது வரைபடத்துலயும் குறிக்கச் சொல்றேன். பாப்பா பேரு என்னம்மா?"

"ரூத்," என்றார், காத்திருந்தவர்போல.

ஹார்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐம்பது வயதில், தன் அக்காவின் பெயரை அவர் அன்றுதான் கேட்டார்.