விநாசித்தம்பி டாட் காம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் என் மகள் அருந்ததி. இலக்கிய ஆர்வத்தால் அல்ல. நான் மாடிப்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். மேலே அவள் பதினோரு பேருக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். கதவைப் பாதி திறந்து, "சத்தம் போடாதீங்க லா, அப்பா. எல்லாத்தையும் எழுதுங்க. எழுதினா உங்களுக்கே புரியும்" என்றாள். 'லா' போடாமல் எங்கள் பினாங்கில் யாருக்கும் பேச்சு முடியாது.

எனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. புரிந்துகொள்ள வேண்டியவர்கள் நீங்கள். முதல் வாக்கியத்துக்கு மூன்று முயற்சிகள்:

'என் தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி…' வேண்டாம். எங்களவர் கதை எல்லாமே கப்பலில்தான் தொடங்குகிறது.

'பெயர் என்பது ஒரு குடும்பத்தின்…' முடித்தால் பிரசங்கம் ஆகிவிடும்.

'என் தந்தையின் பெயரை ஒருவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.' இது இருக்கட்டும்.

2

நான் தியாகராஜா. தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன். என் தந்தை விநாசித்தம்பி பினாங்கில் தொடங்கிய தட்டச்சுப் பயிலகத்தை இப்போது அருந்ததி நடத்துகிறாள். தட்டச்சு யந்திரங்கள் போய்க் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. இந்த 1999 செப்டம்பரில் புது வகுப்பு தொடங்குமுன் பயிலகத்துக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்றாள். அதற்கு ஒரு பெயர் பதிய வேண்டுமாம்.

"சின்னதா, ஞாபகம் இருக்கிற மாதிரி வேணும்பா. 'பினாங்கு டைப்' எப்படி?"

"இது என்ன பயிலகமா, பலகாரக் கடையா? 'விநாசித்தம்பி தட்டச்சு சுருக்கெழுத்துப் பயிலகம்' என்று முழுதாகப் போடு."

"அதை டைப் பண்றதுக்கே நம்மகிட்ட மூணு மாசம் படிக்கணும்."

முன்னால் 'திரு' போட முடியாதாம். இடைவெளி விடக் கூடாதாம். பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் வித்தியாசம் கிடையாதாம். எந்த மடையன் வகுத்த விதிகள் இவை? ஒரு வாரம் சண்டை போட்டோம். கடைசியில் 'விநாசித்தம்பி' மட்டும், பின்னால் டாட் காம் என்று முடிவாயிற்று. ஒரு மனிதரைச் சட்டையில்லாமல் தெருவில் நிறுத்தியது போல இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

"இப்பவே பதிஞ்சிடவா? அஞ்சு நிமிஷம்தான்."

"ஆடி மாதத்திலா? உனக்குப் புத்தி இருக்கிறதா?"

3

ஆவணி பிறக்கும்வரை சும்மா இருக்கவில்லை. குடும்பத்தில் ஒரு நல்ல காரியம் என்றால் பெரியவர்களுக்கு நேரில் போய்ச் சொல்வது முறை. மூத்தவர் ஐயாத்துரை வீட்டில் தொடங்கி, வயதுப்படி ஒன்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் பெயரைத் தாளில் எழுதிக் காட்டினேன். எல்லாரும் மெச்சினார்கள். ஒன்பதாவது வீட்டில், மாமா மகள் ஞானாம்பிகை, "பத்தாவது வீடு ஒண்ணு இருக்கே அண்ணே" என்றாள். எனக்குக் காது கேட்கவில்லை.*

ஆவணி முதல் நாள், நல்ல நேரம் பார்த்து, குளித்து, விபூதி பூசி, அருந்ததியின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள்.

"பேர் போயிடுச்சுப்பா. மூணு வாரமாச்சு. யாரோ பதிஞ்சிட்டாங்க."

(* காது நன்றாகவே கேட்கும்.)

4

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரைவில், பெயரை எடுத்தவன் கோலாலம்பூரில் இருக்கும் முகம் தெரியாத ஒரு வியாபாரி. அவனுக்குத் தங்கப்பல்கூட வைத்திருந்தேன். அருந்ததி படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். "இவர் யாரு? இவரை எனக்குத் தெரியாதே" என்றாள்.

அந்த வியாபாரியை எடுத்துவிட்டேன். யார் பதிந்தார்கள் என்பதை அதே கம்ப்யூட்டரில் பார்க்க முடியும். பார்த்தோம்.

நல்லம்மா விநாசித்தம்பி, சூலியா தெரு.

என் தங்கை. அப்பாவிடம் தட்டச்சுப் படித்த முதல் மாணவி, பிறகு பயிலகத்தின் முதல் ஆசிரியை. 1968இல் சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மதுவைக் கட்டிக்கொண்டு அவர் மதத்தில் சேர்ந்தாள். அன்றோடு அவளுக்கும் எங்களுக்கும்… [இந்த வாக்கியத்தை நாலு தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எழுவாய் 'அவள்' என்றே வருகிறது. சரியான எழுவாய் 'நான்'.] 1974இல் அப்பாவின் சாவு வீட்டுக்கு வந்தவளை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினேன்.

5

தொலைபேசியில் கூப்பிட்டேன். ஹபீப் முகம்மது எடுத்தார். நான் பெயரைச் சொன்னதும், "மச்சான்!" என்றார். முப்பத்தொரு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் சொல். "இருங்க, கூப்பிடுறேன். வைச்சிடாதீங்க."

பிறகு அவள்.

"அண்ணே."

"என்ன வேலை இது, நல்லம்மா?"

"ஒன்பது வீட்டுக்குப் போய் எழுதிக் காட்டினீங்களாமே, ஞானாம்பிகை சொன்னா. ஒருத்தர் வெளியில வாய்விட்டாப் போதும், வெளியாளு பதிஞ்சிடுவான். அந்தப் பயத்துல நூர்ஜான் கிரெடிட் கார்டுல பதிஞ்சேன்." நூர்ஜான் அவள் மகள்.

"ஆடி மாதத்தில்!"

"உங்களுக்குத்தான் ஆடி. எங்களுக்கு அது செவ்வாய்க்கிழமை லா."

பின்னால் ஹபீப் முகம்மது சிரிப்பது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, மாற்றிக் கொடு."

"கொடுக்கிறேன். டெலிபோன்ல கொடுக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து கேளுங்க. டீ குடிச்சிட்டு வாங்கிட்டுப் போங்க."

"நான் வராவிட்டால்?"

"என் ஐ.சி. அடையாள அட்டையில அப்பா பேர் இல்லண்ணே. மதம் மாறினதால வேற பேரு, பிந்தி அப்துல்லா, அதாவது அப்துல்லா மகளாம். அந்தக் கம்ப்யூட்டர் ஃபாரத்துல மட்டும் யாரும் எதுவும் கேக்கல. நான் பாட்டுக்கு நல்லம்மா விநாசித்தம்பின்னு எழுதினேன். எழுதிட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தேன்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "வாங்க. சாயங்காலம் எப்பவும் வீட்லதான் இருப்பேன்" என்றாள்.

6

பெயரைப் பதியும் அமெரிக்க நிறுவனத்துக்குப் புகார் அனுப்ப ஒரு படிவம் உண்டு. அருந்ததி அச்செடுத்துக் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கொடுத்தாள். ஏழாவது கேள்வி: 'எதிர்த்தரப்பாருக்கு இந்தப் பெயரின் மீது ஏதேனும் உரிமை உண்டா?'

நான் முப்பத்தாறு வருடம் படிவங்களோடு வாழ்ந்தவன். இதில் ஜெயிப்பது எனக்குச் சிரமமே இல்லை. 'இல்லை' என்று எழுதி, சட்டப்படி அவள் பெயர் என்ன என்பதைக் காட்டினால் போதும். அரசாங்கமே எனக்குச் சாட்சி. அந்த ஒரு சொல்லை எழுதினால் என் அப்பாவின் பெயர் எனக்கு வரும். அவருடைய மகள் அவருடைய மகள் அல்ல என்று, அவருடைய மகன் கையெழுத்துப் போட்டிருப்பான்.

குடும்ப மானம் என்று நான் இவ்வளவு காலம் எதைக் காத்தேன் என்று கேட்காதீர்கள். எரிச்சலில் இருக்கிறேன்.

7

முடிவுகள்.

முதலாவது: படிவம் போகிறது. பெயர் வருகிறது. வகுப்பு தொடங்குகிறது. குறை சொல்ல முடியாத முடிவு. நானே எழுதிவிட்டு இரண்டாம் முறை படிக்கவில்லை.

இரண்டாவது: நான் சூலியா தெருவுக்குப் போகிறேன். கதவு திறக்கிறது. நல்லம்மா நிற்கிறாள். [அவள் முகத்தை வருணிக்க வேண்டும். முடி நரைத்திருக்குமா, கண்ணாடி போட்டிருப்பாளா, எனக்குத் தெரியாது. இதே ஊரில் இருப்பவளின் முகத்தைக் கற்பனை செய்ய வேண்டியிருப்பது எழுத்தாளனுடைய கஷ்டம் அல்ல.]

அருந்ததி இதை வாசித்தாள். "கதவு திறந்துடுச்சு. அப்புறம்?" என்றாள்.

அப்புறம், போனவன்தான் முதலில் பேச வேண்டும். நான் எழுதிப் பார்த்தவை: 'அந்தப் பெயர் விஷயமாக…' 'அன்றைக்கு வாசலில்…' 'டீயில் சர்க்கரை வேண்டாம்.' மூன்றையும் அடித்துவிட்டேன்.

ஆகவே இந்தக் கதையை நான் முடிக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கும் எங்கேயாவது ஒரு கதவு இருக்கும்; என்னைவிட நன்றாகவே எழுதுவீர்கள். அவளை எந்தப் பெயரால் அழைப்பது என்பதையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். நான் சட்டை மாற்றிவிட்டேன், அருந்ததி கீழே காரை எடுக்கிறாள்.

கதவு திறந்தது. நான், "………………………………" என்றேன்.