அரசாங்கச் சுவரில் ஒரு பச்சைக் கோடு

மாட்டுப் பொங்கல் முடிந்த அடுத்த வாரம் கீழத்திடல் அங்கன்வாடியின் சுவர் பாட ஆரம்பித்தது. தானாகப் பாடியது என்று சொல்பவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள். பிள்ளைகள் வரைந்த கோட்டின் மேல் யாராவது விரலை வைத்து இழுத்தால், அதை வரைந்த பிள்ளையின் குரல் வரும், அவ்வளவுதான். மெல்ல இழுத்தால் மெல்ல வரும், வேகமாக இழுத்தால் கீச்சென்று வரும், விரலை எடுத்தால் நின்றுவிடும். திருவாரூர் பஸ் ஊருக்குள் வராமல் முக்கூட்டு ரோட்டோடு திரும்பத் தொடங்கியதும் அதே வாரம்தான் என்பதால், டீக்கடையில் அதிகம் பேசப்பட்டது பஸ்ஸைப் பற்றித்தான்.

இதற்கெல்லாம் காரணம் அங்கன்வாடியின் பிரின்ஸி டீச்சர். தஞ்சாவூரில் ஏ.சி. மண்டபத்தில் ஒரு பயிற்சி நடத்தி, சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டையும் ஓவியத்தையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோடு மேலே ஏறினால் குரலும் ஏற வேண்டும், வளைந்தால் வளைய வேண்டும், புள்ளி வைத்தால் வாயும் ‘டுப்’ என்று புள்ளி வைக்க வேண்டும். பயிற்சியில் பஜ்ஜி கொடுத்தார்கள், தோள்பை கொடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். வண்ணம் மட்டும் கொடுக்கவில்லை. மற்ற ஊர் டீச்சர்கள் இந்த மாதிரிப் பயிற்சியை எப்படி மதிக்க வேண்டுமோ அப்படி மதித்து, பஸ் ஏறும்போதே மறந்துவிட்டார்கள். பிரின்ஸி டீச்சருக்கு அந்த விவரம் போதாது. வீடு வீடாகப் போய், மாட்டுக் கொம்புக்கு அடித்து மிச்சமிருந்த எனாமல் பெயிண்ட் டப்பாக்களைக் கேட்டு வாங்கி வந்தார். கட்சிக்குக் கட்சி கொம்பின் நிறம் மாறுகிற ஊர் என்பதால் எந்த நிறத்துக்கும் பஞ்சமில்லை. பிள்ளைகள் தென்னை மட்டையை நசுக்கித் தூரிகையாக்கிக்கொண்டு, வாயால் ஊளையிட்டபடி சுவரை ஒருகை பார்த்தார்கள்.

லியோவின் சிவப்புக் கோட்டில் விரல் வைத்தால் அறுவடை மெஷின் சேற்றில் மாட்டிக்கொண்டு உறுமியது. வானதியின் நீலப் புள்ளிகள் தவளைக்குஞ்சுகள் மாதிரி டுப் டுப்பென்று குதித்தன. தஞ்சாவூர்ச் சீமையில் காற்றே பாடும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள், சுவரே பாடியபோது போலீஸில் சொல்லலாமா என்று யோசித்தார்கள். சர்ச்சில் பாடற்குழு நடத்தும் வேதநாயகம் செல்போனில் சுருதிப்பெட்டியைப் போட்டு, சுவரில் காது வைத்து, கோடு கோடாகச் சோதித்துப் பார்த்தார். ஒன்றுகூடச் சுருதியில் நிற்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். சுவர் பாடுவதைப் பற்றி அவருக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

அந்தச் சுவரில் சுடர்விழி வரைந்த பச்சைக் கோடும் இருந்தது. சுடர்விழிக்கு நான்கு வயது, பிறந்ததிலிருந்து ஒரு சத்தம் வெளியே விட்டதில்லை. அழுதாலும் கண்ணீர்தான் வரும். அவளுடைய அம்மா அம்சம், தஞ்சாவூரில் பார்க்காத டாக்டர் இல்லை. காது நன்றாக இருக்கிறது, பேசும்போது பேசுவாள் என்று எல்லாரும் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொன்னார்கள். வரையும்போதும் அவள் வாயை மட்டும்தான் திறந்தாள், சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் உளுந்து வயலிலிருந்து மகளைக் கூட்டிப்போக வந்த அம்சம் அந்தப் பச்சைக் கோட்டில் விரல் வைத்து இழுத்ததும், “ஈ…ய்ய்” என்று ஒரு குரல் கீழிருந்து ஏறி, மேலே போய்ச் சிரித்தது. அம்சம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் வந்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அந்தக் கோட்டை ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். பக்கத்தில் நின்று சுடர்விழியும் கேட்பாள், யாருடைய குரலோ என்பது போல.

இப்படியிருக்கையில், மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் அங்கன்வாடியைப் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. அதிகாரி வந்தால் சுவருக்கு வெள்ளையடிப்பது என்பது நம் ஊரில் பிள்ளைக்குக் காது குத்துவது மாதிரி. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஊராட்சித் தலைவர் இராஜாங்கம் சுண்ணாம்பு வாளியோடு வீரையனை வரவழைத்தார். அம்சம் ஓடி வந்தாள்.

“தலைவரே, அந்தப் பச்சக் கோட்ட மட்டும் விட்டுடுங்க. எம் புள்ள கொரலு அது ஒண்ணுதாங்க இருக்கு.”

“ஒனக்கு விட்டா நாளைக்கி எல்லாரும் கேப்பாங்க, அம்சம். அரசாங்கச் சுவரு. அதுல யாரு கொரலும் இருக்கக்கூடாது.”

வீரையன் தலையைச் சொறிந்தான். “எனாமல் மேல சுண்ணாம்பு நிக்காதுங்க. உதுந்துரும்.”

“அதிகாரி போறவரைக்கும் நின்னாப் போதும், அடி.”

இரண்டு பூச்சு அடித்தார்கள். அன்று சாயங்காலம் அம்சம் வெள்ளைச் சுவரில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். விரலில் சுண்ணாம்புதான் வந்தது. அவள் அழுத அழுகையை வைத்துக் கிண்டல் பண்ண எனக்கு மனம் வரவில்லை, அதனால் அடுத்த நாளுக்குப் போகிறேன்.

அடுத்த நாள் அதிகாரி வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள், இளநீர் கொடுத்தார்கள். பிள்ளைகளோடு போட்டோ எடுக்கும்போது களைத்துப்போய், எல்லாரும் செய்வது போல முதுகைச் சுவரில் சாய்த்தார். வீரையன் சொன்னது நடந்தது. பச்சைக் கோட்டின் மேலிருந்த சுண்ணாம்பு ஏடாகப் பெயர்ந்து அவருடைய நீலச் சட்டையில் அப்பிக்கொண்டது. பிறகு அவர் மைக்கைப் பிடித்து, குழந்தைகளின் குரலுக்கு நாம் செவி சாய்க்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். கையை ஆட்டி ஆட்டிப் பேசியதில் சட்டை முதுகில் உரசியது. உரசும்போதெல்லாம் “ஈ…ய்ய்” என்று அவர் முதுகிலிருந்து ஒரு குழந்தை சிரித்தது. அதிகாரி பேச்சை நிறுத்தவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள், அதிகாரியின் உடம்பிலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் எப்படி முகத்தை வைத்துக்கொள்வார்களோ அப்படியே வைத்துக்கொண்டார்கள். வேதநாயகம் மட்டும், சுருதி சேரவில்லை என்று முகத்தைச் சுளித்தார்.

கூட்டம் முடிந்து அதிகாரி ஜீப்பைப் பார்த்து நடந்தார். குரலும் கூடவே போயிற்று. பிஸ்கட் தின்றுகொண்டிருந்த சுடர்விழி, பிஸ்கட்டைப் போட்டுவிட்டு எழுந்தாள். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடி, ஜீப் படியில் கால் வைத்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் என்னவென்று குனிந்தபோது, முதுகிலிருந்த சுண்ணாம்பை இரண்டு கையாலும் வழித்து, சுவரைச் சுரண்டித் தின்கிற பிள்ளைகள் எப்படித் தின்பார்களோ அப்படி நக்கித் தின்றாள். தொண்டையைக் கனைத்தாள்.

“என்னுது!” என்று கத்தினாள். ஜீப் டிரைவர் திடுக்கிட்டு ஹாரனை அழுத்திவிட்டார். அவள் அவருடைய ஹாரனையும் தாண்டிக் கத்தினாள். “அது என்னுது!”

அம்சம் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து மகளைத் தூக்கினாள். அதிகாரி சட்டையைத் தட்டிக்கொண்டு, அங்கன்வாடியின் செயல்பாடு திருப்திகரம் என்று இராஜாங்கத்திடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அதற்குள் ஊர் அவரை மறந்துவிட்டது.

இதெல்லாம் நடந்து வருஷமாகிறது. மிச்சச் சுண்ணாம்பும் முதல் மழையில் உதிர்ந்துவிட்டது. சுவரில் சாய்ந்து பீடி பிடிக்கிறவர்கள் முதுகில் தவளையோ மெஷினோ ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள், வீட்டில் துவைத்துக்கொள்கிறார்கள். சுடர்விழி ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். காலையில் திறக்கிற வாய் சோறு தின்னும்போதுகூட மூடுவதில்லை, “செத்த நேரம் சும்மா இருடி” என்று அம்சம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறாளோ தெரியவில்லை. அப்படிச் சொன்ன வாயோடு, அங்கன்வாடியைத் தாண்டும்போது நின்று, கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பச்சைக் கோட்டில் விரலை வைத்து இழுத்துப் பார்ப்பாள். மற்றக் கோடுகளெல்லாம் இன்னும் பாடுகின்றன. அது மட்டும் பாடுவதில்லை. அதன் சொந்தக்காரி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.