மேசையில் வைத்த எண்

திரையில் தப்பு என்று சிவப்பெழுத்து வந்ததும் பரிபூரணம் மறுபடி மேலிருந்து படித்துப் பார்த்தாள். மேலே முதல் கணக்குக்கு வெள்ளையெழுத்தில் 240 என்று விடை சரியாகத்தான் வந்திருந்தது. அதன் கீழேதான் இந்தச் சிவப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டர் சென்டரில் அன்று பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி வகுப்பின் முதல் தேர்வு. இரண்டு ஃபங்ஷன், அதாவது ஆளுக்கொரு கணக்குப் போடும் இரண்டு கட்டளைத் துண்டு, எழுத வேண்டும். துணியின் நீளத்தைக் கொடுத்தால் எத்தனை பேண்டேஜ் சுருள் தேறும் என்று முதல் ஃபங்ஷன் பார்க்கும். அந்தச் சுருள்களுக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்று அடுத்தது சொல்லும். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில் நாள் முழுக்க இதைத்தானே செய்கிறாள். பாழாய்ப்போன கம்ப்யூட்டருக்குத்தான் புரியவில்லை.

பாஸானால் ஆபீஸில் ஸ்டாக் பார்க்கும் வேலை, இல்லையென்றால் பழையபடி பஞ்சுத் தூசிதான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். தூசியோ ஏற்கெனவே அவள் நெஞ்சில் குடியேறிவிட்டது. அது யாருக்கும் தெரியாது. போன வருஷம் கம்பெனியில் கூட வேலை பார்த்த பிச்சையம்மாள் இருமிக்கொண்டிருந்தபோது அவளை, "கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருந்து ஒடம்பப் பாரு தாயி" என்று அன்பாகத்தான் அனுப்பினார்கள். திரும்பக் கூப்பிடவே இல்லை. அந்த அன்பை நினைத்தாலே பரிபூரணத்துக்குக் குலை நடுங்கும். இருமல் வந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கக்கூஸுக்கு ஓடிவிடுவாள். இங்கே எங்கே ஓடுவது? தேர்வைப் பார்த்துவர மேனேஜர் அனுப்பிய சூப்பர்வைசர் சங்கரலிங்கம் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

வகுப்பெடுக்கும் ஜாஸ்மின் வந்து குனிந்து பார்த்தாள். வயதில் சின்னவள்.

"பரீட்சையில நான் சொல்லக் கூடாதுக்கா. ஒண்ணு மட்டும் கேக்கேன். மொத ஃபங்ஷன் விடைய யாருக்குக் குடுத்துச்சு?"

"அடுத்ததுக்குத்தான் மிஸ்."

"எங்க குடுத்துச்சு? ஸ்கிரீன்ல காட்டிட்டுல்லா போயிருச்சு."

பரிபூரணத்துக்குக் கம்பெனியின் நீள மேசை நினைவுக்கு வந்தது. அங்கே யாரும் யார் கையிலும் எதையும் கொடுப்பதில்லை. வெட்டியவள் துணியை மேசையில் வைப்பாள். பக்கத்தில் இருப்பவள் எடுத்துச் சுருட்டிக்கொள்வாள். பிரிண்ட் என்று போட்டு விடையைக் கண்முன்னே வைத்துவிட்டால் அடுத்த ஃபங்ஷனும் அப்படியே எடுத்துக்கொள்ளும் என்று நம்பித்தான் எழுதியிருந்தாள். அதற்கோ கண்ணே இல்லை. கையில் கொடுத்தால்தான் உண்டு.

பிரிண்டை அழித்துவிட்டு, விடையைக் காட்டாமல் கையில் ஒப்படைக்கும் ரிட்டர்ன் என்ற சொல்லை அடித்தாள். இனி அந்த 240 கண்ணில் படாது. கர்த்தரைத் தவிர கண்ணில் படாத எதையும் அவள் இதுவரை நம்பியதில்லை. அந்த நேரம் பார்த்து நெஞ்சுக்குள் அரிக்கத் தொடங்கியது.

"முடிஞ்சுதா தாயி?" என்றார் சங்கரலிங்கம்.

வாயைத் திறந்தால் இருமல் வந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ரன் பொத்தானை அழுத்தினாள்.

அழுத்தியதுதான் தாமதம், இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. முந்தானையைத் தேடக்கூட நேரமில்லாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரையில் ஏதோ எழுத்து வந்திருந்தது. கண்ணில் முட்டிய நீரில் அது வெள்ளையா சிவப்பா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடும். வாயிலிருந்து கையை எடுக்கத்தான் அவளுக்குத் துணிவு வரவில்லை.